கையொப்ப வழிபாடு

மேசையின்மேல் இரண்டு நிழற்படங்கள் கிடக்கின்றன. இரண்டும் எட்டங்குல அகலமும் பத்தங்குல உயரமும் கொண்டவை. இரண்டும் 1920களில் அமெரிக்காவின் ஹாலிவுட்டில் எடுக்கப்பட்டவை. ஒன்று ஊமைப்பட நடிகை ஒருவரின் முகத்தை மட்டும் காட்டுவது. அதன் கீழ்மூலையில் சாய்வாக ஒரு கையொப்பம். மற்றொன்று இன்று உலகில் எங்குமே இல்லாமல் அழிந்துபோன ஒரு திரைப்படத்தின் காட்சி. நடிகர் நால்வர், அவர்களுக்குப் பின்னே ஒரு தெரு, தெருவிளக்கு, கடைப்பலகை எல்லாம் அதில் தெளிவாகத் தெரிகின்றன; கையொப்பம் இல்லை. பழம்பொருள் வணிகர் முன்னதற்குக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறார். பின்னதை அட்டைப்பெட்டியில் நூற்றோடு நூற்றொன்றாகப் போடுகிறார். வாங்க வருவோர் சுவரைப் பார்த்து விலை கேட்கின்றனர். பெட்டியை யாரும் கிளறுவதில்லை.

ஊமைப்படக் காலத்துக் கையொப்பப் படங்களைச் சேகரிக்கும் பழக்கத்தின் குறையனைத்தும் இந்தக் காட்சியில் அடங்கியுள்ளது. அது குற்றமற்ற பொழுதுபோக்கு என்றும், பழமையின்பால் கொண்ட பற்று என்றும் பலர் எண்ணுகின்றனர். பற்று இருப்பது உண்மை; ஆனால் அப்பற்று எதன்மேல் வைக்கப்பட்டுள்ளது? கலையின்மேலா, கலைஞரின் பெயரை எழுதிய மையின்மேலா? பத்தில் ஏழு பங்கு அழிந்தொழிந்த ஒரு கலைக்கு எஞ்சியிருக்கும் சாட்சிகள் மிகச் சில. அச்சாட்சிகளை எவ்வாறு நடத்துவது என்பதே இங்குள்ள வழக்கு.

பெயர் பிறந்த கதை

திரைப்படம் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் நடிகர்களுக்குத் திரையில் பெயரே இல்லை. பெயர் தெரிந்தால் ஊதியம் உயர்த்திக் கேட்பர் என்று படமுதலாளிகள் அஞ்சினர். பயோகிராப் நிறுவனத்தின் படங்களில் நடித்த புளோரன்ஸ் லாரன்ஸ் என்னும் நடிகையை மக்கள் 'பயோகிராப் பெண்' என்றே அறிந்திருந்தனர். 1910ஆம் ஆண்டு அவரைத் தம் நிறுவனத்துக்கு ஈர்த்துக்கொண்ட கார்ல் லெம்லி ஒரு சூழ்ச்சி செய்தார். அந்நடிகை விபத்தில் இறந்துவிட்டார் என்ற வதந்தி முதலில் பரப்பப்பட்டது. பின்னர் அது பொய்யென்று மறுக்கும் விளம்பரத்தில் அவர் பெயர் பெரிதாக அச்சிடப்பட்டது. செயின்ட் லூயிஸ் நகரில் அவர் நேரில் தோன்றியபோது கூட்டம் அலைமோதியது. திரை நட்சத்திரம் என்னும் பெயர் வணிகம் வளரத் தொடங்கியபோதே அதற்கு ஒரு பொய் துணைநின்றது. கையொப்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவோர் இவ்வரலாற்றை மறத்தல் ஆகாது.

அடுத்த ஆண்டே, அதாவது 1911இல், 'மோஷன் பிக்சர் ஸ்டோரி', 'போட்டோபிளே' ஆகிய இதழ்கள் வெளிவரத் தொடங்கின. நடிகர்களின் வாழ்க்கை, உடை, உணவு, காதல் எல்லாம் செய்தியாயின. மடல் எழுதினால் நடிகரின் படம் கிடைக்கும் என்ற ஆசை நாடெங்கும் பரவியது. அஞ்சற் செலவுக்கென 25 செண்டு வைத்து அனுப்புவது வழக்கமாயிற்று. ஊரின் ஒரு மூலையில் துணிக்கடையிலோ தட்டச்சு அலுவலகத்திலோ பணிசெய்த இளம்பெண் ஒருத்தி, ஒருவேளை உணவுக்கான காசை மிச்சப்படுத்தி அனுப்பிவிட்டு, அஞ்சற்காரனை எதிர்நோக்கி வாசலில் நின்றிருப்பாள். அவளுடைய அந்த எதிர்பார்ப்பில் பொய் இல்லை. இன்று ஏலத்துக்கு வரும் கையொப்பப் படங்களுள் பல இத்தகைய வீடுகளிலிருந்து வந்தவையே. பொய், படத்தை அனுப்பிய பக்கத்தில்தான் பெரும்பாலும் இருந்தது.

ஒப்பமிட்ட கை எது?

இதற்கு ஒரு சிறு கணக்கே போதும். பாரமவுண்ட் நிறுவனத்தின் புகழ்மிக்க நடிகை கிளாரா போ. 1929ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மட்டும் அவருக்கு 45,000க்கு மேற்பட்ட மடல்கள் வந்தன என்று சொல்லப்படுகிறது. அம்மாதத்துக்கு 31 நாள்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,450 மடல்கள். அந்த நடிகை நாளும் பதினாறு மணிநேரம் வேறெந்த வேலையும் செய்யாமல், உண்ணாமல், படப்பிடிப்புக்குச் செல்லாமல் அமர்ந்து எழுதியிருந்தாலும், நாற்பது நொடிக்கு ஒரு கையொப்பம் இட்டிருக்க வேண்டும். மடலைப் பிரிப்பதற்கும் முகவரி எழுதுவதற்கும் நேரம் இக்கணக்கில் சேரவில்லை. இது மனிதர் எவராலும் ஆகக்கூடியதா?

ஆகாது என்பதனால்தான் படநிறுவனங்கள் மடல் பகுதிகளை அமைத்தன. அங்கே செயலாளர்கள் அமர்ந்து நடிகரின் எழுத்தைப் போலவே எழுதினர். சில படங்களில் ரப்பர் முத்திரை குத்தப்பட்டது. இன்னும் பலவற்றில் கையொப்பம் நெகடிவிலேயே எழுதப்பட்டு, படத்தோடு படமாகவே அச்சாயிற்று. தாய்மாரும் உடன்பிறந்தாரும் உதவியாளரும் எழுதியனவும் உண்டு. அக்காலத்தில் இதை எவரும் பெருங்குற்றமாகக் கருதவில்லை. ரசிகருக்கு ஒரு மகிழ்ச்சி. நிறுவனத்துக்கு ஒரு விளம்பரம். ஆயின் அன்று 25 செண்டுக்கு விளம்பரமாக அனுப்பப்பட்ட அதே எழுத்து, இன்று நடிகையின் சொந்தக் கைவண்ணம் என்று பெருந்தொகைக்கு விற்கப்படும்போது அது விளம்பரம் என்னும் எல்லையைக் கடந்துவிடுகிறது.

மெய்யான கையொப்பங்களே இல்லை என்பது இங்கு வாதமன்று. உண்டு, ஆனால் அரிது. கிரெட்டா கார்போ கையொப்பமிட மறுப்பவர் என்று பெயர் பெற்றவர். அவர் கைப்பட எழுதியது கிடைப்பது பெரும்பேறு எனக் கருதப்படுவது இதனாலேயே. ருடால்ஃப் வாலண்டினோ 1926ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் தம் 31ஆம் அகவையில் மறைந்தார். அவருடைய புகழ்க்காலம் ஆறாண்டுகூட நிறையவில்லை. அத்துணைக் குறுகிய காலத்தில் அவர் எத்தனை படங்களில் கையொப்பமிட்டிருக்க இயலும்? அரியது என்று சொல்லப்படும் பொருள் கடைதோறும் கிடைக்குமானால், ஐயுற வேண்டியது கடையையே.

எரிந்தவையும் எறிந்தவையும்

இனிக் கலையின் கதையைக் காண்போர்க்கு நெஞ்சு கனக்கும். அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளிவந்த முழுநீள ஊமைப்படங்கள் ஏறத்தாழ 10,900. அவற்றுள் முதலில் வெளியான வடிவிலேயே, 35 மில்லிமீட்டர் சுருளில், முழுமையாக எஞ்சியிருப்பவை 14 விழுக்காடு. அயல்நாட்டுப் படிகளாகவோ சிறிய சுருள்களாகவோ எஞ்சியவை 11 விழுக்காடு. துண்டு துண்டாகக் கிடைப்பவை 5 விழுக்காடு. மீதி 70 விழுக்காடு அடியோடு போய்விட்டது.

போனதற்குக் காரணம் பகைவர் படையெடுப்பன்று. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தானே சிதைந்து பிசுபிசுத்துப் பொடியாகும். வெப்பம் மிகுந்தால் தானே பற்றி எரியும். 1937ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தின் லிட்டில் ஃபெர்ரி என்னும் ஊரில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கு அவ்வாறே எரிந்தது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சுருள்கள் சாம்பலாயின. 1965இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் கிடங்கு ஒன்று எரிந்தபோது, லோன் சேனி நடித்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்னும் 1927ஆம் ஆண்டுப் படத்தின் அறியப்பட்ட கடைசிப் படியும் அதனுடன் சென்றது. தீயினும் கொடிய பகை அலட்சியம். பேசும்படம் வந்தபின் ஊமைப்படத்தால் வருவாய் இல்லை என்று கண்ட நிறுவனங்கள், சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கவும் இடத்தைக் காலிசெய்யவும் வேண்டித் தாமே அழித்தன. யுனிவர்சல் நிறுவனம் தன்னிடம் எஞ்சியிருந்த ஊமைப்படச் சுருள்களை 1948இல் அவ்வாறு அழித்தது.

தீடா பாரா என்னும் நடிகையின் ஊழை எண்ணிப் பார்க்க வேண்டும். சின்சினாட்டி நகரில் தியோடோசியா குட்மன் என்ற பெயரில் பிறந்த அவரை, எகிப்தியப் பாலைவனத்தில் பிறந்தவர் என்று விளம்பரக்காரர்கள் கதை கட்டினர். நாற்பது படங்கள் அளவில் நடித்தார். முழுமையாக எஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1917இல் அவர் நடித்த 'கிளியோபாட்ரா' என்னும் பெரும்படத்தில் சில சிறு துண்டுகளே மிஞ்சின. அந்தப் படம் எப்படி இருந்தது, அரங்கங்கள் எவ்வாறு அமைந்தன, அவர் எவ்வாறு நின்றார், எவ்வாறு பார்த்தார் என்பனவற்றை இன்று பெரும்பாலும் நிழற்படங்களே சொல்கின்றன. படம் இறந்தது, அதன் படங்கள் உயிரோடு உள்ளன.

ஊமைச் சாட்சிகள்

ஊமைப்படத்துக்கு ஊமைச் சாட்சியாக நிற்பவை இந்நிழற்படங்கள். அவற்றின் ஆற்றலுக்கு இரண்டு சான்றுகள் போதும். எரிக் வான் ஸ்ட்ரோஹைம் இயக்கிய 'கிரீட்' என்னும் படம் முதலில் ஏறத்தாழ எட்டு மணிநேரம் ஓடியது. நிறுவனம் அதை வெட்டி வெட்டி இரண்டேகால் மணிநேரத்துக்குச் சற்று மேற்பட்ட படமாக 1924இல் வெளியிட்டது. வெட்டப்பட்ட சுருள்கள் திரும்பக் கிடைக்கவில்லை. 1999ஆம் ஆண்டு ரிக் ஷ்மிட்லின் என்பவர் எஞ்சியிருந்த படத்தோடு அறுநூற்றுக்கு மேற்பட்ட நிழற்படங்களை உரிய இடங்களில் பொருத்தி, நான்கு மணிநேரப் படமாக மீட்டமைத்தார். 2002இல் அவரே மேலே கூறப்பட்ட 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' படத்தின் கதையை நிழற்படங்களைக் கொண்டே கட்டியெழுப்பினார். ஒரு சுருள்கூட இல்லாத படம், நிழற்படங்களால் தன் கதையைச் சொல்லிற்று.

அவருக்கு உதவியது எது? எவருடைய கையொப்பமும் அன்று. ஒப்பமில்லாத காட்சிப் படங்களே. அவற்றின் கீழ்மூலையில் சிறிதாக ஓர் எண் இருக்கும். அதில் முதற்பகுதி எந்தப் படம் என்பதையும், அடுத்த பகுதி அப்படத்துக்கென எடுக்கப்பட்டவற்றுள் அது எத்தனையாவது என்பதையும் குறிக்கும். பின்புறத்தில் விளம்பரப் பிரிவினர் ஒட்டிய தட்டச்சுத் துண்டு இருக்கும்; நடிகர் பெயர், காட்சிக் குறிப்பு, நாள் முதலியன அதில் காணப்படும். சிலவற்றில் நிழற்படக் கலைஞரின் அழுத்து முத்திரை மேடாகத் தெரியும். தேர்ந்த ஆய்வாளருக்கு அந்த எண்ணும் துண்டும் முத்திரையும் கல்வெட்டுக்கு ஒப்பானவை. முகமறியாத ஒரு படத்தை இன்னதென்று அடையாளம் காட்ட அவ்வெண் ஒன்றே போதுமானதாகிவிடுவதுண்டு.

விலை செய்யும் வினை

கையொப்பத்துக்கு மட்டும் மதிப்பளிக்கும் சந்தை இந்தக் கல்வெட்டுகளை என்ன செய்கிறது? முதலாவது, வெட்டுகிறது. சட்டத்துக்குள் அழகாக அமர வேண்டும் என்பதற்காக ஓரங்கள் நறுக்கப்படுகின்றன, எண் போய்விடுகிறது. பின்புறத் துண்டு அட்டையில் ஒட்டப்பட்டு மறைகிறது, அல்லது உரித்தெறியப்படுகிறது. இரண்டாவது, பிரிக்கிறது. ஒரு பெண் பத்தாண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த ஒட்டுப் புத்தகம் ஒன்று வணிகரிடம் வந்தால், கையொப்பமுள்ள நான்கு ஏடுகள் தனித்தனியே விலைபோகின்றன. இதழ்த் துணுக்குகளும் நுழைவுச்சீட்டுகளும் அவள் கைப்பட எழுதிய குறிப்புகளும் குப்பைக்குப் போகின்றன. ஒரு சிற்றூரில் எந்தப் படம் எப்போது வந்தது, யாரை மக்கள் விரும்பினர் என்ற வரலாறு அக்குப்பையோடு போகிறது.

மூன்றாவது கேடு வியப்புக்குரியது. படத்தில் 'இன்னாருக்கு அன்புடன்' என்று ஒரு சாமானியரின் பெயர் எழுதப்பட்டிருந்தால் சந்தை அதைக் குறையென்று கருதுகிறது. வெறுங்கையொப்பத்தையே வாங்குவோர் விரும்புகின்றனர். ஆனால் சான்று என்ற நோக்கில் பார்த்தால் நிலை நேர்மாறானது. நீண்ட வாசகத்தை ஒருவர் கையெழுத்தில் போலியாக எழுதுவது கடினம். எழுத்து மிகுமளவுக்குப் பிழையும் மிகும். யாருக்கு, எந்நாளில், எவ்வூரில் எழுதப்பட்டது என்பன இருந்தால் சரிபார்க்கவும் இயலும். போலி செய்வோர்க்கு மிக எளிதானது எதுவோ, அதையே சந்தை தூயது என்று உயர்த்திப் பிடிக்கிறது. இதற்காகவே பெறுநர் பெயரைச் சுரண்டி அழிக்கும் கொடுமையும் நிகழ்கிறது. காசு மிச்சம்பிடித்து மடலெழுதிய அந்த இளம்பெண் இரண்டாம் முறையும் வாசலில் நிறுத்தப்படுகிறாள்.

நான்காவது கேடு பெருங்கேடு. ஒப்பமில்லாத மெய்யான பழம்படத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதன்மேல் போலி ஒப்பமிட்டு விற்பது. காகிதம் பழையது; முகம் உண்மையானது; வாங்குவோர் ஏமாறுவர். ஏமாந்தவருடைய பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் படம் என்ன பாவம் செய்தது? நூறாண்டு தாங்கிய ஒரு சான்றின்மேல் பொய் எழுதப்பட்டுவிட்டது; அதை அழிக்கவும் இயலாது. 1990களின் இறுதியில் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் விளையாட்டு வீரர், புகழ்பெற்றோர் ஆகியோரின் போலிக் கையொப்பங்களை விற்றுவந்த கூட்டங்களைப் பிடித்தது. போலி என்பது ஓரிருவர் செய்யும் குறும்பன்று, தொழிலாகவே நடந்தது என்பதை அந்நடவடிக்கை உலகுக்குக் காட்டிற்று.

போலியைக் கண்டறிய வழிகள் இல்லாமல் இல்லை. பந்துமுனைப் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945ஆம் ஆண்டு அக்டோபரில். லோன் சேனி 1930லேயே மறைந்துவிட்டார். அவர் பந்துமுனைப் பேனாவால் ஒப்பமிட்டதாக ஒரு படம் வந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. புறஊதா விளக்கொளியில் தாள் நீலமாகப் பளிச்சிடுமானால், அது போருக்குப் பின் வந்த வெண்மையூட்டிய தாள், அக்கால அச்சன்று. உருப்பெருக்கியின் கீழ் மையின் கோடு படத்தின் பளபளப்பின்மேல் கிடக்கிறதா, படத்தோடு கலந்து கிடக்கிறதா என்று பார்த்தால் நெகடிவில் எழுதி அச்சிட்டது தெரிந்துவிடும். இத்துணை எளிய சோதனைகளைக்கூடச் செய்யாமல், விற்றவர் தந்த சான்றிதழ்த் தாளை நம்பிச் சட்டமிடுவோர் எத்தனை பேர்! படத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்கவும் பொறுமையில்லாதவர் அதை நேசிப்பதாகச் சொல்வதில் பொருள் என்ன?

படம் எடுத்தவர் எங்கே?

கையொப்ப வழிபாடு இழைத்த மற்றோர் அநீதியும் உண்டு. முகத்துக்குரியவர் பெயர் மூலையில் இருக்கிறது; அந்த முகத்தை ஒளியாலும் நிழலாலும் வடித்தவர் பெயர் எங்கே? ரூத் ஹாரியட் லூயிஸ் என்னும் பெண்மணி 1925ஆம் ஆண்டு தம் 22ஆம் அகவையில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் உருவப்படக் கலைஞராகப் பொறுப்பேற்றார். ஹாலிவுட் படநிறுவனத்தில் அப்பணியை ஏற்ற முதற்பெண் அவர். கார்போ அமெரிக்காவுக்கு வந்த புதிதில் அவரை உலகறியச் செய்த படங்களுள் பல இவர் எடுத்தவை. 1940இல் இளமையிலேயே மறைந்தார். அவர் பெயரைக் கேட்டறியாதவர்கள் அவர் எடுத்த படத்தை, அதில் வேறொருவர் ஒப்பம் இருக்கிறது என்பதற்காக மட்டும் விலைகொடுத்து வாங்குகின்றனர். சிலையைச் செதுக்கிய சிற்பியை வெளியே நிறுத்திவிட்டுச் சிலைக்கு மாலை சூட்டுவது போன்றது இது.

இதற்கு மாறாக நடந்த சேகரிப்பாளரும் உண்டு. ஜான் கோபல், ஆஸ்திரியாவில் பிறந்து கனடாவில் வளர்ந்து இலண்டனில் வாழ்ந்தவர். படநிறுவனங்கள் பழம்படங்களைச் சுமையென்று கழித்துக்கொண்டிருந்த காலத்தில் அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தார். சேர்த்ததோடு நில்லாமல், 'இதை எடுத்தவர் யார்?' என்று கேட்டார். கிளாரன்ஸ் சின்கிளேர் புல், ஜார்ஜ் ஹரெல் முதலிய முதிய நிழற்படக் கலைஞர்களைத் தேடிச் சென்று கண்டார். அவர்தம் பணியை 1980இல் நூலாக்கினார். சேகரிப்பு என்பது தனியொருவரின் பேராசையாகவும் இருக்கலாம், உலகுக்குச் செய்யும் தொண்டாகவும் இருக்கலாம் என்பதற்கு 1991இல் மறைந்த அம்மனிதரே சான்று. வேறுபாடு அவர் கேட்ட அந்த ஒரு வினாவில் இருக்கிறது.

மறுப்பும் விடையும்

சேகரிப்போர் தரப்பில் மூன்று மறுப்புகள் எழுவதுண்டு. அவை புறந்தள்ளத்தக்கவை அல்ல.

'நிறுவனங்கள் எறிந்தபோது எடுத்து வைத்தவர்கள் நாங்களே' என்பது முதல் மறுப்பு. முற்றிலும் உண்மை. அதற்காக அவர்களுக்கு உலகம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளது. ஆனால் தீயிலிருந்து குழந்தையைத் தூக்கி வந்தவர், அக்குழந்தையைப் பெட்டியில் பூட்டி வைக்க உரிமை பெற்றவர் ஆகார். காத்தமைக்கு நன்றி உண்டு, மறைத்தமைக்கு இல்லை.

'விலை உயர்ந்தால்தான் பொருள் காக்கப்படும்' என்பது இரண்டாவது. விலை எதைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். விலை ஒப்பத்துக்கு, ஆகவே ஒப்பம் காக்கப்படுகிறது. ஒப்பமில்லாத காட்சிப் படத்துக்கு விலையில்லை. ஆகவே அது வெட்டுப்படுகிறது, மடிகிறது, ஈரத்தில் பூஞ்சை படர்ந்து கிடக்கிறது. விலைதான் போலியையும் பெற்றது. திருடனையும் காவற்காரனையும் ஒரே கதவு வழியாக வரவேற்கும் வீட்டைப் பாதுகாப்பான வீடு என்று யார் சொல்வார்?

'அவர் கைபட்ட பொருள் என்ற உணர்வுக்கு ஈடில்லை' என்பது மூன்றாவது. இது நெஞ்சிலிருந்து வரும் சொல். இதைக் கேலி செய்வது முறையன்று. பெரியோர் கைபட்ட பொருளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பண்பாட்டில் வந்தவர்க்கு அவ்வுணர்வு புரியாததன்று. ஆனால் நடிகையின் கை அந்தத் தாளில் சில நொடியே பட்டிருக்கும்; பல வேளை பட்டதே இல்லை. அவருடைய வாழ்நாளின் உழைப்பு, உடலசைவு, கண்ணீர், சிரிப்பு அனைத்தும் சேர்ந்தது அழிந்துபோன அந்தப் படத்தில்தான். அவர் தொட்டதைப் போற்றுவோர், அவர் செய்ததை மறப்பது என்ன நியாயம்?

சென்னையும் சிங்கையும்

இது அயலார் வீட்டுக் கதை என்று தமிழர் ஒதுங்கிவிட இயலாது. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் 'கீசக வத'த்தை எடுத்துத் தென்னகத்தின் முதல் ஊமைப்படத்தைத் தந்தார். அதன் படி ஒன்றும் எஞ்சவில்லை. அதன்பின் சென்னையில் நூற்றுக்கு மேற்பட்ட ஊமைப்படங்கள் உருவாயின. தென்னாட்டு ஊமைப்படங்களுள் முழுமையாகக் கிடைப்பதாகச் சொல்லப்படுவது, நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. அதுவும் எவருடைய அன்பினாலும் பிழைக்கவில்லை. நாவலின் உரிமை குறித்து வழக்கு எழுந்து, படச்சுருள் கைப்பற்றப்பட்டு, புத்தகக் கடை ஒன்றில் முடங்கிக் கிடந்தது. 1970களில் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் அதை மீட்டது. வழக்கு மட்டும் வராதிருந்தால் அதுவும் போயிருக்கும். சிங்கப்பூரில் 1927இல் உருவான 'சின் கே' என்னும் சீன ஊமைப்படமும் இன்று இல்லை. அன்பு காக்கத் தவறியதை வழக்கு காத்தது என்பது பெருமைப்படத்தக்க செய்தியா?

ஏட்டுச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட கதையும், அடுப்பில் இட்ட கதையும் தமிழருக்குத் தெரியும். சுவடிகளைப் பட்டுத்துணியில் சுற்றிப் பூசையறையில் வைத்து, ஒருநாளும் அவிழ்க்காமல் செல்லுக்கு இரையாக்கிய வீடுகளும் இருந்தன. எறிந்தவர்க்கும் பூட்டியவர்க்கும் விளைவில் வேறுபாடு இல்லை; நூல் போயிற்று. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடிய சுவடிகளைப் பெட்டிக்குள் வைத்துப் பெருமை பேசவில்லை. படித்தார், ஒப்புநோக்கினார், 1887இல் சீவக சிந்தாமணியையும் பின்னர் மற்றவற்றையும் அச்சேற்றி உலகுக்குத் தந்தார். சுவடியின் முகப்பில் யார் கையெழுத்து இருக்கிறது என்று மட்டும் பார்த்து அவர் சுவடி சேர்த்திருந்தால் தமிழின் நிலை என்னவாகியிருக்கும்? தொகுப்பவருக்கு அவரே அளவுகோல்.

சேகரிப்போர் செய்யத்தக்கது

இவ்வழக்கில் கோரப்படும் தீர்ப்பு கடுமையானதன்று. எவரும் தம் சேகரிப்பைத் துறக்க வேண்டியதில்லை. வாங்குமுன் படத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். எண்ணையும் துண்டையும் முத்திரையையும் குறித்து வைக்கட்டும். ஓரத்தை வெட்டாதிருக்கட்டும், பெறுநர் பெயரை அழியாதிருக்கட்டும், ஒட்டுப் புத்தகத்தைப் பிரியாதிருக்கட்டும். அமிலம் கலவாத உறையில், வெயிலும் ஈரமும் படாமல் காக்கட்டும். அழிந்த படத்தின் காட்சி கையில் கிடைத்தால் அதற்கு ஒரு நகல் எடுத்து, கலிபோர்னியாவிலுள்ள மார்கரெட் ஹெரிக் நூலகம் போன்ற காப்பகங்களுக்கு அனுப்பட்டும். மூலம் அவரிடமே இருக்கும். செய்தி உலகுக்குச் சேரும். இதற்காகும் செலவு ஒரு சட்டத்தின் விலைகூட ஆகாது.

கனடாவின் யூக்கான் பகுதியில் டாசன் சிட்டி என்னும் ஊரில் 1978ஆம் ஆண்டு மண்ணைத் தோண்டியபோது, பழைய நீச்சற்குளம் ஒன்றை மூடப் பயன்பட்ட 533 படச்சுருள்கள் வெளிப்பட்டன. உறைந்த மண் அவற்றை ஐம்பதாண்டுக்காலம் காத்திருந்தது. மறைந்துபோயின என்று கருதப்பட்ட படங்கள் அவற்றுள் இருந்தன. உயிரற்ற மண் காத்துத் திருப்பித் தந்ததை, உயிருள்ள மனிதர் பூட்டி வைத்து மறுப்பரோ?

சுவரில் தொங்கும் சட்டத்தை ஒருநாள் இறக்கி வைத்துவிட்டு, மூலையில் கிடக்கும் அட்டைப்பெட்டியைக் கிளறிப் பார்க்கட்டும் சேகரிப்போர். அதன் அடியில், மூலையில் ஓர் எண்ணோடு, எவர் ஒப்பமும் இன்றி, அழிந்த படமொன்றின் கடைசிச் சாட்சி காத்துக்கிடக்கக்கூடும்.